வீசும் இடம்

கோட்டை இடிக்கிற கல்லெறி பொறி என்று யாராவது பேச்செடுத்தால் மற்றவர்களுக்குக் குதிரைப் படையும் கொடியும் நினைவுக்கு வரலாம். எனக்கு அழுகிய கோவாவின், அந்த முட்டைக்கோஸின், நாற்றம் வருகிறது. ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு படிப்பிக்கிறேன். மத்திய கால ஐரோப்பாவை வருடா வருடம் கரும்பலகையில் கட்டி, மணி அடித்ததும் துடைத்துவிட்டு வருகிறவன். அகழி, மதில், முற்றுகை எல்லாம் எனக்குச் சோறு போடுகிற சங்கதிகள். பிடித்த பாடமும் அதுதான். இப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதே அந்த நாற்றம் வந்துவிடுகிறது. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல முடியாது. அதனால் வேகமாக நடத்தி முடித்துவிடுகிறேன்.

காரணம் என் அக்காவின் பசு.

அக்கா இருப்பது நுவரெலியாவுக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பள்ளத்தில் கிடக்கிற கடைசி லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் அவளுடையது ஓரத்துக் காம்பரா. மச்சான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். அக்கா மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள். குடியிருக்கிற காம்பரா தோட்டத்துடையது. பின்பக்கம் லீக்ஸ் போட்டிருக்கிற பாத்தியும் தோட்டத்துடையது. அதைச் சுற்றி நட்ட வேலிக் கம்புகூடத் தோட்டத்து மரத்தில் வெட்டியதுதான். பசு ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

“இது ஒன்னதான் தம்பி, யாரும் வந்து திருப்பிக் குடுன்னு கேக்க முடியாது,” என்பாள்.

அது முதல் தடவையாகச் சினை பிடித்திருந்தது. கன்று போட்டால் பால் ஊற்றலாம், பால் ஊற்றினால் மகளை ஹட்டனில் என் வீட்டில் தங்க வைத்து உயர்தரம் படிக்க வைக்கலாம். அக்காவின் திட்டமெல்லாம் அந்த வயிற்றுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. கொழுந்து எடுத்துவிட்டு வந்து முகம் கழுவுவதற்கு முன்பே மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்க்கிறவள் அவள்.

லயத்துக்கு நேர் மேலே ஒரு மேடு. தேயிலையைக் கைவிட்டு மானாப் புல் மண்டிக் கிடந்த இடம். அதைத் தோட்டம் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. கயிற்றில் தொங்குகிறவர்கள், வலையில் ஏறுகிறவர்கள், கூடாரத்தில் படுத்துக் குளிரை அனுபவிக்கிறவர்கள் என்று சனம் வரத் தொடங்கியது. ஏப்ரல் சீசனுக்குப் புதிதாக ஏதாவது வேண்டுமென்று யோசித்திருக்கிறார்கள். மத்திய காலப் போர் என்று முடிவு செய்து, ஒட்டுப் பலகையில் ஒரு கோட்டையும் அதை அடிக்க ஒரு பொறியும் கட்டினார்கள்.

பொறியைப் பற்றி நான் பொய் சொல்லக் கூடாது. அழகாகத்தான் இருந்தது. டர்பன்டைன் மரத்தில் செய்த நீண்ட கை. குட்டையான முனையில் கல் நிரப்பிய பெட்டி, நீளமான முனையில் தோல் பட்டை வைத்த கயிறு. பெட்டி கீழே இறங்க, கை மேலே எழும்ப, கயிறு சுழன்று தன் சுமையை விட்டுவிடும். புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் பார்த்துக்கொண்டிருந்ததை ஆள் உயரத்துக்கு மேலே பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லயத்து ஆட்கள் அதற்கு வைத்த பெயர் கெட்டபோல். குருவி அடிக்கிற கவட்டைக்கும் நம் பக்கத்தில் அதுதான் பெயர். பெரிய கெட்டபோல், அவ்வளவுதான்.

கம்பனி அங்கே நடத்திய பார்க்கின் மனேஜர் கொழும்புக்காரர், வயது குறைந்தவர், எல்லோரையும் சேர் என்று கூப்பிட்டு யார் சொல்வதையும் கேட்காத ரகம். வரலாறு தெரிந்த ஒருவர் முதல் நாள் மைக்கில் சிங்களத்திலும் தமிழிலும் விளக்கினால் நன்றாக இருக்கும் என்று ஆள் அனுப்பியிருந்தார். நான் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு போனேன்.

விளக்கமும் நன்றாகத்தான் சொன்னேன். முற்றுகை என்றால் பெரும்பாலும் காத்திருப்பு. உள்ளே இருக்கிறவனின் தண்ணீரும் தானியமும் தீருகிற வரைக்கும் வெளியே கூடாரம் அடித்து உட்கார்ந்திருப்பது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் பொறி கட்டுவான். ஆரம்பத்தில் ஆட்களே கூட்டமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கல் எறிந்தார்கள், பிறகு ஆளுக்குப் பதில் பாரப் பெட்டி வந்தது. இந்த இடத்தில் மனேஜர் என் காதருகே குனிந்தார்.

“செத்த மாடெல்லாம் எறிந்தார்களாமே சேர். அதைச் சொல்லுங்கள். சனம் விரும்பும்.”

சொன்னேன், உண்மைதானே. கல் மதிலைத்தான் உடைக்கும். செத்த குதிரையும் மாடும் மதிலைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கிறவர்களின் தண்ணீரையும் மூச்சையும் கெடுக்கும். நோய் வந்தால் கதவு தானாகத் திறக்கும். கூட்டம் முதலில் முகத்தைச் சுளித்தது, பிறகு கை தட்டியது. ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே கை தட்டினார்கள். மனிதர்களுக்கு இன்னொரு மனிதரின் ஊருக்குள் அழுகிய மாட்டை எறிந்த கதை இவ்வளவு இனிக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பிறகு எறிந்தார்கள். முதலில் பூசணிக்காய். கோட்டையில் பட்டுச் சிதறியது, குழந்தைகள் குதித்தார்கள். அடுத்து நுவரெலியா சந்தையில் விலைபோகாமல் அழுகிப்போன கோவாவைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து தோல் பட்டையில் வைத்தார்கள். ஒட்டுப் பலகைக் கோட்டை மேட்டின் விளிம்பில் நின்றது. குறி தவறியதெல்லாம் கோட்டையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. பெரும்பாலும் குறி தவறியது. வேலிக்கு வெளியே எங்கள் ஆட்கள் சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவாவை விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிற ஆட்கள் அவர்கள். ஒரு அம்மா, “அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு, வெட்டிட்டு ஆக்கலாமே,” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு மைக்கைத் தூக்கி அந்தப் பட்டையில் வைத்துவிடலாம் போல் இருந்தது.

அன்றுதான் அந்தப் பலகையையும் பார்த்தேன். பள்ளத்துக்கு இறங்குகிற தோட்டத்து ரோட்டோரத்தில் மூன்று மொழியில் நட்டிருந்தார்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும், எறிபொருள் விழுகிற பகுதி, உள்ளே வராதீர்கள் என்று ஒழுங்காக எழுதியிருந்தது. தமிழில், பெரிய மஞ்சள் எழுத்தில், “வீசும் இடம்” என்று மட்டும் இருந்தது.

வெளியூர்க்காரருக்கு இதில் என்ன பிழை என்று விளங்காது. நம் ஊரில் வீசுவது என்றால் வேண்டாததைக் கழித்துப் போடுவது. பழைய சோற்றை வீசுவோம், கிழிந்த செருப்பை வீசுவோம். மஞ்சள் எழுத்தில் ‘வீசும் இடம்’ என்று போர்டு வைத்தால் எந்தத் தமிழனும் அதைக் குப்பை போடுகிற இடம் என்றுதான் வாசிப்பான். மனேஜரிடம் சொன்னேன். பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே சொன்னேன்.

“அச்சடித்தாகிவிட்டது சேர்,” என்றார். “தமிழ் வாசிக்கிறவர்கள் யார் டிக்கெட் எடுத்து வரப்போகிறார்கள்?”

டிக்கெட் எடுத்து வருகிறவர்களுக்காக அந்தப் பலகை வைக்கப்படவில்லை என்றும், கீழே இருக்கிறவர்களுக்காகத்தான் என்றும் சொன்னேன். அவர் அதற்குள் வேறு யாரையோ சேர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் மைக் பிடிக்க நான் போகவில்லை. கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போனபோது பலகையடியில் குப்பை ஏறியிருந்தது. பார்க்குக்கு வேன் பிடித்து வந்தவர்களின் சோற்றுப் பார்சல், மீன் முள்ளோடு சுருட்டிய பொலித்தீன் லன்ச் ஷீட், குழந்தைகளின் பம்பர்ஸ், போத்தல். அதன் மேல் கெட்டபோல் எறிந்த கோவா புளித்துக் குழம்பாகி வழிந்துகொண்டிருந்தது. ஈ மொய்க்கிற சத்தம் ரோட்டுக்கே கேட்டது. அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றைப் பார்த்து. மேல் லயத்துப் பெண் ஒருத்தி ஒரு சிலி சிலி பொலித்தீன் பேக் நிறைய வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து, பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, திருப்தியோடு உருட்டிவிட்டாள்.

“என்னங்க, இங்க போடுறீங்க?” என்றேன்.

“போர்டே வச்சிருக்காங்க சேர்,” என்றாள். “எத்தன வருசமா குப்ப போட எடம் கேட்டோம். இப்பதான் கண்ணத் தொறந்திருக்காங்க.”

தோட்டத்துக் குப்பையை அள்ளுவதற்கு யாரும் வருவதில்லை என்பது உண்மைதான். தண்ணீர் ஓடுகிற கானிலும் தேயிலை மடுவிலும் போட்டுப் பழகிய சனம், அரசாங்கப் பலகை மாதிரி மஞ்சளில் ஒன்று கிடைத்ததும் அதை வரம் என்று நினைத்துவிட்டது. இதில் உச்சம், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவரை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அந்தப் பலகையைப் பற்றிக் கம்பனியிடம் பேசுங்கள் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார்.

“பேசித்தானே சேர் வாங்கிக் குடுத்தேன்,” என்றார். “லேசுல வச்சுட்டாங்கன்னு நெனைக்கிறீங்களா?”

பிழையாக எழுதிய ஒரு பலகைக்கு மாலை போட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது. போன கூட்டத்தில் இதற்காக அவருக்குக் கை தட்டியும் இருக்கிறார்கள். நாற்றம் வீசும் இடம் என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால் அந்தப் பலகை சரியாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். படித்தவர்களுக்கு எதிலும் குறைதான் என்று சிரித்துவிட்டுப் போனார்.

மனேஜரிடம் மறுபடி போனேன். எங்கள் பார்க்குக்குள் ஒரு கடதாசி கிடக்கிறதா பாருங்கள், அது உங்கள் ஆட்கள் போட்ட குப்பை என்றார். தோட்டத்து ஒபீசுக்குப் போனேன். அது கம்பனிக்குக் கொடுத்த காணி என்றார்கள். மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கீழே பார்த்தே பேசினார்கள். ஒருவரும் கீழே இறங்கி வரவில்லை.

அக்கா என்னைப் போல் பேச்சில் நேரத்தை வீணாக்கவில்லை. மாட்டை அந்தச் சரிவில் கட்டுவதை நிறுத்தினாள். மலையிலிருந்து வரும்போது கொழுந்துச் சாக்கோடு புல்லுக்கட்டையும் சுமந்து வந்தாள். தொழுவத்துக்கும் சரிவுக்கும் நடுவில் கம்பு நட்டுப் பழைய தகரம் கட்டினாள். ஆனால் மாட்டுக்குக் கோவா வாசம் தெரியும். லீக்ஸ் பாத்தியைக் கடந்தால் சரிவு. அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், கோவாவைப் பையோடு தின்றிருக்கிறது. அன்று மட்டும் தின்றதா, முன்பே பல நாள் தின்றதா என்று யாருக்குத் தெரியும்.

பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டது என்று அக்கா போன் பண்ணினாள். நான் போகும்போது இடப்பக்க வயிறு உப்பித் தட்டினால் மேளம்போல் சத்தம் வந்தது. வாயிலிருந்து பச்சையாக நுரை. மூச்சில் வந்த வாடை, அந்தப் பள்ளத்தின் வாடை. அக்கா அதன் தாடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றுக்குள் கன்று அசைகிறதா என்று ஒரு கையை வைத்தபடியே இருந்தாள்.

“அசையுது தம்பி. இன்னும் அசையுது. டொக்டர் எங்க வாறாருன்னு கேளு.”

டவுனிலிருந்து மிருக வைத்தியர் த்ரீவீலரில் வந்தார். குழாய் விட்டுக் காற்றை இறக்கிப் பார்த்தார், ஊசி போட்டார். பிந்திவிட்டது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அக்காவுக்கு அது கேட்டிருக்கும், அவள் முகம் திருப்பவில்லை. பசு தொழுவத்தில் நிற்க முடியாமல் தடுமாறிச் சரிவின் அடியில் போய் விழுந்தது. அங்கேயே உயிர் போனது. கன்றும் உள்ளேயே போனது. வைத்தியர் வயிற்றைத் திறந்து காட்டினார். புல் இருக்க வேண்டிய இடத்தில் லன்ச் ஷீட்டும் பையும் கயிறாக முறுக்கி, கழுவாத துணிப் பொட்டலம்போல் ஒரு உருண்டை. வெளியே இழுத்தபோது ஒரு பை விரிந்தது. பார்க்கின் சாமான் கடையில் கொடுக்கிற பை. அதில் கோட்டை படம் போட்டிருந்தது.

நான் கானோரமாகப் போய் வாந்தி எடுத்தேன். அது அந்தப் பிணத்தைப் பார்த்து வந்ததல்ல. மைக்கில் என் சொந்தக் குரலில் கேட்ட வசனம் வயிற்றிலிருந்து ஏறி வந்தது: தண்ணீரையும் மூச்சையும் கெடுக்கும். அந்தக் காலத்துச் சண்டைக்காரன் குறைந்தபட்சம் உள்ளே இருக்கிறவனை எதிரி என்று நினைத்துத்தான் எறிந்தான். இவர்களுக்கு நாங்கள் எதிரிகூட இல்லை. எறிகிற திசையில் இருந்தோம், அவ்வளவுதான்.

அடுத்த பிரச்சினை, புதைக்க இடம். செத்த மாட்டைப் புதைக்க மண் வேண்டும், மண் தோட்டத்துடையது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வந்தார். தேயிலைப் பக்கம் தோண்டக் கூடாது, குடிக்கிற பீலித் தண்ணி வருகிற பக்கம் தோண்டக் கூடாது, ரோட்டோரம் தோண்டினால் தோட்டத்துத் துரை பார்ப்பார் என்றார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. எங்கே தோண்டலாம் என்று கேட்டதற்கு மேலே பார்த்து, “கம்பனிக்காரங்ககிட்டக் கேட்டுப் பாருங்க,” என்றார். வெயில் ஏறியது. ஈ வந்துவிட்டது.

அக்கா யாரிடமும் கேட்கவில்லை. பாத்திக்குள் இறங்கி லீக்ஸைப் பிடுங்கத் தொடங்கினாள். இன்னும் விரல் தடிப்பம்கூட வராத லீக்ஸ். பிடுங்கி ஒரு பக்கம் குவித்தாள். லயத்து ஆண்கள் சிலர் மண்வெட்டி எடுத்து வந்தார்கள். இதற்கும் ஒபீசில் கேட்பார்கள் என்று ஒருவர் முணுமுணுத்தார். கேக்கட்டும் என்றாள் அக்கா.

அந்த நேரத்தில்தான் தலைவர், மனேஜரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். முதல் தடவையாக மனேஜர் பள்ளத்துக்கு வருகிறார். முழங்கால் வரைக்கும் பூட்ஸ், மூக்கில் கைக்குட்டை. தலைவர் முகத்தில் நல்ல செய்தி கொண்டுவருகிறவரின் களை இருந்தது. மனேஜர் என்னிடம் சிங்களத்தில், வருத்தம் என்றார், மிக வருத்தம் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். நாளையோடு சீசன் முடிகிறது, வெளிநாட்டுக்காரர் குழு ஒன்று வருகிறது, கடைசிக் காட்சிக்கு ஏதாவது உண்மையாக வேண்டும் என்கிறார்கள். இந்த மாட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கும் புதைக்கிற சிரமம் இல்லை.

“நீங்கள்தானே சேர் சொன்னீர்கள், அந்தக் காலத்தில் மாட்டைத்தான் எறிந்தார்கள் என்று.”

கையில் என்ன கிடைத்திருந்தாலும் அடித்திருப்பேன். தலைவர் பக்கத்தில் நின்று, “புதைக்கத்தான் எடம் இல்லியே, யோசிச்சுப் பாருங்க,” என்று அக்காவுக்குத் தமிழில் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் ஒரு மனிதன் வாயைத் திறக்கிறான், அந்த வாயால் பிறகு சோறும் தின்கிறான் என்று நினைக்க அருவருப்பாக இருந்தது.

அக்கா பாத்தியிலிருந்து நிமிர்ந்தாள். முழங்கை வரைக்கும் மண். அழுது முடித்த முகம்.

“அத எங்கிட்டு எறிவீங்கன்னு கேளு தம்பி,” என்றாள்.

கேட்டேன். மனேஜர் இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல் கையை நீட்டி மேட்டிலிருந்து வளைத்துக் காட்டினார். பொறி ஒரு பக்கம்தானே எறியும். கோட்டையைத் தாண்டி, சரிவைத் தாண்டி, அவருடைய கை பசு கிடந்த இடத்துக்கு வந்து நின்றது.

“அப்ப எதுக்குங்க செரமப்பட்டு மேல தூக்கிட்டுப் போறீங்க,” என்றாள் அக்கா. “அது ஏற்கனவே அங்கதானே கெடக்கு.”

நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். மறுபடி சொன்னேன். இன்னும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கிற வரைக்கும் சொன்னேன்.